இடித்த வீட்டின் நினைவுகளைத் திரட்டுவது எப்படி: பர்மிங்காமின் பேக்-டு-பேக் முற்றங்கள்

1950களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து முற்றத்து வீடுகளில் பிள்ளைகளாக ஓடித் திரிந்தவர்களுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பலருக்கு எண்பதையும். அவர்கள் வளர்ந்த வீடு இல்லை. பல இடங்களில் அந்தத் தெருவே இல்லை. 1913இல் அந்த நகரத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் பேக்-டு-பேக் வீடுகள் 43,000க்கும் மேல் இருந்தன. ஏறத்தாழ 2 லட்சம் பேர் அவற்றில் குடியிருந்தார்கள். இப்போது அங்கே மிஞ்சியிருப்பது ஒரே ஒரு முற்றம். அந்த வீடுகளில் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கான சான்று பெரும்பாலும் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதைத் திரட்டுவதற்கான வழிமுறையை இங்கே தருகிறோம்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள், தரைப்படத்தோடு போங்கள். “சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் நாலு வாக்கியம்தான் கிடைக்கும். “குழாயடியிலிருந்து உங்கள் வாசலுக்கு வாளியை எந்தப் பக்கமாகத் தூக்கி வருவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வாளி தூக்கிய அக்கா, அவள் வேலைக்குப் போன தொழிற்சாலை, தை மாதக் குளிரில் உறைந்துபோன குழாய், அதைச் சுற்றிக் காகிதம் கொளுத்திய பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நினைவு இடத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே முதல் வேலை, இடத்தை மீட்பது.

வீட்டின் அமைப்பு

பேக்-டு-பேக் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வரிசை வீடுகள் பின்சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். முன்வரிசை தெருவைப் பார்க்கும், பின்வரிசை உள்முற்றத்தைப் பார்க்கும். இரண்டு பக்கவாட்டுச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொது. கதவும் சன்னலும் ஒரே பக்கத்தில். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே இல்லை. சுகாதார அதிகாரிகள் இந்த வீடுகளை வெறுத்ததற்கு முதல் காரணம் இதுதான். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் இரட்டை லயன் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் ‘காம்பரா’ எனப்படும் அறைகள் இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஆனால் லயன் தரையோடு நீளும். பர்மிங்காம் வீடு மேல்நோக்கிப் போகும். கீழே ஓர் அறை, அதன்மேல் ஓர் அறை, கூரைக்கடியில் ஓர் அறை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 முதல் 14 அடிச் சதுரம். சுழன்றேறும் குறுகலான மரப்படி. சில வீடுகளுக்குக் கீழே நிலக்கரி போடும் நிலவறை.

தெருவிலிருந்து ‘என்ட்ரி’ எனப்படும் மூடிய நடைவழியாக நுழைந்தால் முற்றம். அதில் பொதுத் தண்ணீர்க்குழாய், பொதுக் கழிவறைகள், சாம்பலும் குப்பையும் கொட்டும் ‘மிஸ்கின்’, துணி துவைக்கும் ‘புரூஹவுஸ்’ (பேச்சில் ‘புரூவஸ்’), சாக்கடை வாயான ‘சஃப்’. இந்தச் சொற்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். “சஃப் அடைத்துக்கொண்டது” என்று உங்கள் உரையாளர், அதாவது நினைவைச் சொல்லும் முதியவர், சொல்லும்போது நீங்கள் திருதிருவென்று விழித்தால், அடுத்த வாக்கியத்திலிருந்து அவர் பாடப்புத்தக மொழிக்கு மாறிவிடுவார். எழுத்தாக்கும்போதும் இந்தச் சொற்களை மாற்றாதீர்கள்.

பர்மிங்காம் நகராட்சி 1876 விதிகளால் புதிய பேக்-டு-பேக் கட்டுவதை நிறுத்தியது. நாடு முழுவதற்குமான தடை 1909 சட்டத்தில் வந்தது; முன்பே அனுமதி வாங்கியிருந்த திட்டங்களைக் காட்டி லீட்ஸ் நகரம் மட்டும் 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தது. இதில் உங்களுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. பர்மிங்காம்காரர் ஒருவர் தாம் பேக்-டு-பேக்கில் பிறந்ததாகச் சொன்னால், அந்த வீடு 1880களின் வரைபடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முகவரி தவறு, அல்லது அது வேறு வகை வீடு. பின்சுவருக்கு அப்பால் வீடே இல்லாமல் வெற்றுச் சுவராக நிற்கும் ஓரறை ஆழ வீடுகளும் இருந்தன. குடியிருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் குறிப்பில் பிரித்து எழுதுங்கள்.

வேலை தொடங்குமுன் இஞ்ச் தெருவும் ஹர்ஸ்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள 15ஆம் முற்றத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். நகரில் எஞ்சிய கடைசி முற்றம் அது. மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2004இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், முன்பதிவு வேண்டும். 1840களில் தொடங்கி 1970கள் வரை நான்கு காலகட்டங்களின் வீடுகளை அமைத்திருக்கிறார்கள். கடைசியாக வருவது செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து வந்த ஜார்ஜ் சாண்டர்ஸின் தையல் கடை. அங்கே படியேறும்போது உங்கள் தோள் சுவரில் உரசும். கட்டிலை அந்தப் படியில் எப்படி ஏற்றினார்கள் என்ற கேள்வி அங்கேதான் தோன்றும். அந்தக் கேள்வியையே பிறகு உங்கள் உரையாளரிடம் கேளுங்கள். நல்ல பதில் வரும்.

முகவரியைப் பிடிப்பது

தெருவைப் பார்த்த வீட்டுக்கு ஒரு எண். அதன் முதுகில் ஒட்டிய வீட்டுக்குத் தனித் தெரு எண் இல்லை. “54இன் பின்பக்கம், 2” அல்லது “15ஆம் முற்றம், 2ஆம் வீடு” என்றுதான் எழுதுவார்கள். ஆவணங்களில் இது 2/54 என்று சுருங்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களின் இணையப் பட்டியல்களைத் தயாரித்தவர்கள் பின்பக்கம் என்பதை விட்டுவிட்டு 54 என்றோ, 2 என்றோ, 254 என்றோ பதிந்திருப்பார்கள். பட்டியலை நம்பாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கங்கள் படியுங்கள். கணக்கெடுப்பாளர் நடந்து போன வரிசை தெரியும்: தெருவீடுகள், நடுவே முற்றத்துக்குள் நுழைவு, பின்வீடுகள், மறுபடி தெரு. மூலைமுனையில் உள்ள மதுக்கடையையோ பள்ளியையோ தேவாலயத்தையோ நிலைக்குறியாக வைத்து எண்ணிக்கொண்டு வாருங்கள். முற்றங்களின் எண்களும் தெரு எண்களும் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. 1881இன் 7ஆம் முற்றம் 1939இல் அதே எண்ணில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆவணங்களில் முதலில் தேட வேண்டியது போர் தொடங்கியதும் அரசு எடுத்த 1939 பதிவேடு. அந்த ஆண்டு செப்டம்பர் 29 இரவில் யார் எங்கே இருந்தார்கள் என்பதைப் பிறந்த தேதியோடும் தொழிலோடும் தரும். ஆனால் மூன்று பொறிகள் உண்டு. அந்த மாத முதல் நாளிலேயே, குண்டுவீச்சுக்கு அஞ்சி, நகரத்துப் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் பிள்ளை பெயர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே வளரவில்லை என்று பொருளல்ல. இரண்டாவது, உயிரோடு இருக்கக்கூடியவர்களின் வரி மறைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, அந்தப் பதிவேடு பிற்பாடு தேசிய மருத்துவச் சேவையின் பயன்பாட்டில் இருந்ததால் பெண்களின் பெயருக்கு மேல் திருமணத்துக்குப் பின் வந்த குடும்பப்பெயரை எழுதியிருப்பார்கள்.

1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942 தீயில் அழிந்தன. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951இன் தாள்கள் நூறாண்டு மூடிய காலம் முடியும்வரை திறக்கப்படா. ஆகவே 1921க்கும் 1951க்கும் நடுவே உள்ள முப்பதாண்டுப் பள்ளத்தை 1939 பதிவேடும் வாக்காளர் பட்டியலும்தான் நிரப்ப வேண்டும். வாக்காளர் பட்டியலில் 1928 வரை 30 வயதுக்குக் குறைந்த பெண்களின் பெயர் இருக்காது. போரின் நடுவில் சில ஆண்டுகளுக்குப் பட்டியலே கிடையாது.

1911 கணக்கெடுப்புத் தாள் ஒரு புதையல். வீட்டுத் தலைவரே தம் கையால் நிரப்பியது. எத்தனை அறைகள், மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டிருக்கிறது. அறைகள் ‘3’ என்றிருந்தால் பர்மிங்காம் பேக்-டு-பேக் என்பதற்கு வலுவான அடையாளம். அதுவே முடிவான சான்றல்ல. இறந்த பிள்ளைகளின் எண்ணை உரையாடலுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உரையாளர் அறியாத அத்தையோ பெரியப்பாவோ அந்த எண்ணுக்குள் இருக்கலாம். அதைப் பதிவுக்கருவி ஓடும்போது போட்டு உடைக்காதீர்கள். முன்கூட்டித் தனியே சொல்லுங்கள்.

இந்தக் குடும்பங்கள் அடிக்கடி வீடு மாறின. வாடகை பாக்கியில் இரவோடு இரவாகக் கைவண்டியில் சாமான் ஏற்றிப் போனவர்களும் உண்டு. பெரும்பாலும் நாலு தெரு தள்ளித்தான் போவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் அன்றைய முகவரி இருக்கும். எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எட்டுத் தேதியிட்ட முகவரிகள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முகவரியோடு முன்பு படித்த பள்ளியும் இருக்கும். இவற்றை ஒரே தாளில் ஆண்டு வரிசையில் எழுதிவிட்டு, நீங்கள் திரட்டப்போவது எந்த வீட்டின் நினைவு என்று தீர்மானியுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு வீடு போதும். இரண்டு வீடுகளின் நினைவு கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது மிகக் கடினம்.

தரைப்படம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் இங்கிலாந்தின் பழைய வரைபடங்களையும் இலவசமாகத் தருகிறது. பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் வைத்து, ஒளிபுகு அளவை நகர்த்திப் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: 1880களில் அளந்த 1:500 நகரப் படம், போருக்குப் பிந்தைய 1:1250 படம். நான்கு மீட்டர் அகல வீடு முதலாவதில் 8 மில்லிமீட்டர், இரண்டாவதில் 3.2 மில்லிமீட்டர். அதிகம் கிடைக்கும் 1:2500 படத்தில் 1.6 மில்லிமீட்டர்தான், முற்றத்தைக் காணலாம், வீட்டைப் படிக்க முடியாது.

கட்டடத் தொகுதியின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு ஓடினால் அது பொதுப் பின்சுவர். தொகுதியில் குறுக்காகப் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது மேலே அறையுள்ள மூடிய நடைவழி, அதாவது என்ட்ரி. முற்றத்துக்குள் சிறுசிறு கட்டங்கள் வரிசையாக இருந்தால் கழிவறைகள். அவற்றைவிடச் சற்றுப் பெரிய தனிக் கட்டடம் பெரும்பாலும் புரூஹவுஸ். போருக்குப் பிந்தைய படத்தில் தெருவீட்டு எண்கள் அச்சாகியிருக்கும். அதைப் பழைய படத்தோடு பொருத்தினால் பின்வீட்டின் இடம் பிடிபடும்.

இந்த முற்றத்தை மட்டும் ஏ3 தாளுக்குப் பெரிதாக்கி, கட்டடங்களின் வெளிக்கோட்டை மட்டும் மெல்லிய சாம்பல் நிறத்தில் அச்சிடுங்கள். பெயரோ எண்ணோ வேண்டாம். நான்கு பிரதிகள், நாலைந்து மென்மையான பென்சில்கள், ஒரு அழிப்பான். அழிப்பானைப் பார்த்தால் முதியவர்கள் தயங்காமல் வரைவார்கள். மசிப்பேனாவைக் கொடுத்தால் “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்கிவிடுவார்கள்.

குழுவாக வேலை செய்பவர்களுக்கு இன்னொரு முறை. சமூகக் கூடத்தின் தரையில் ஒட்டுநாடாவால் 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் போடுங்கள். கதவுக்கு 80 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரு மூலையில் படிக்கட்டுக்கு 75 சென்டிமீட்டர் அகலம். அடுப்பு, மேசை, நாற்காலி, தையல் இயந்திரம் எதுவானாலும் அட்டையில் வெட்டி அவர்களே வைக்கட்டும். மூன்று பேர் உள்ளே போய் நின்றதும் பேச்சு தானாகத் தொடங்கும்: குளிக்கும் தகரத் தொட்டி எங்கே வைத்தார்கள், அப்போது மற்றவர்கள் எங்கே போனார்கள், அப்பாவின் நாற்காலியைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போவது எப்படி. தரை வழுக்காத நாடாவாக இருக்கட்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் தடுக்கி விழுவார்கள். உட்கார நாற்காலிகள் சதுரத்துக்கு வெளியே வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அளவில் நினைவு பிழைக்கும். பிள்ளைக் கண்ணுக்கு முற்றம் மைதானமாக இருந்திருக்கும். அவர் முப்பது அடி என்று சொல்ல, வரைபடம் பதினெட்டு அடி என்று சொன்னால் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது, யார் வீட்டு சன்னலிலிருந்து எது தெரிந்தது என்பதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வரைபடமும் அவரும் முரண்பட்டால், படம் அளந்த ஆண்டைப் பாருங்கள். நடுவில் ஒரு சுவரை இடித்திருக்கலாம்.

பேச்சைத் தொடங்குவது, கையும் காலும் போன வழியில்

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். அதற்கு மேல் குரல் தளர்ந்துவிடும். ஒரு வாரம் விட்டு இரண்டாவது அமர்வு. நல்லவை இரண்டாவதில்தான் வரும், ஏனென்றால் நடுவில் உள்ள நாட்களில் அவர் யோசித்துக்கொண்டே இருப்பார். முதலில் தனியாக, பிறகு விருப்பமிருந்தால் அண்ணன் தங்கைகளோடு சேர்த்து. தொடக்கத்திலேயே சேர்த்து உட்காரவைத்தால் மூத்தவர் சொல்வதே வீட்டின் கதையாகிவிடும்.

தெருவிலிருந்து தொடங்குங்கள். என்ட்ரிக்குள் நுழைவது, அங்கே இருட்டா, செருப்பொலி எதிரொலிக்குமா, எந்தக் கை சுவரைத் தொட்டுக்கொண்டு போகும். பிறகு முற்றம், கதவு, வீட்டுக்குள் இடமிருந்து வலமாக ஒவ்வொரு சுவரும். ஆணியில் என்ன தொங்கியது? பெரும்பாலும் தகரத் தொட்டி வெளிச்சுவர் ஆணியில் தொங்கும். கழிவறைச் சாவி நூல்கண்டுக் கட்டையில் கட்டிக் கதவருகே தொங்கும். இந்தச் சாவி ஒரு நல்ல வாசல். எத்தனை குடும்பங்களுக்கு ஒரு கழிவறை, யார் எந்த வாரம் கழுவினார்கள், முறை தவறினால் என்ன நடந்தது, இரவில் யார் துணைக்குப் போனார்கள், குளிரில் குழாய் உறையாமலிருக்க உள்ளே விளக்கு வைத்தார்களா, செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி நூலில் கோத்தது யார் வேலை. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அவர்கள் வெட்கப்படுவதில்லை.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது துவைக்கும் நாளுக்கு. குடும்பத்துக்குள் வேலை எப்படிப் பிரிந்தது, முற்றத்துக்குள் அதிகாரம் யாரிடம் இருந்தது, பணம் எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் அந்த ஒரே நாளில் தெரியும். படிப்படியாகக் கேளுங்கள். புரூஹவுஸில் உங்கள் வீட்டுக்கு எந்தக் கிழமை? அதை யார் முடிவுசெய்தார்கள்? புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எந்த நாள் கிடைத்தது? முந்தின இரவு ஊறவைத்தீர்களா? செங்கல் கட்டிய செப்புக் கொப்பரைக்குக் கீழே நெருப்பு மூட்டியது யார், எத்தனை மணிக்கு, எதைப் போட்டு? நிலக்கரியைச் செலவழிக்காமல் பழைய செருப்பு, பெட்டிப்பலகை, குப்பை என்று கிடைத்ததையெல்லாம் எரித்த வீடுகள் உண்டு. குழாயிலிருந்து கொப்பரையை நிரப்ப எத்தனை வாளி? வெள்ளைத்துணி கொதிப்பது முதலிலா, வண்ணத்துணி எப்போது? மரக்கால்களுள்ள ‘டாலி’யை வைத்துத் தொட்டியில் குத்தியது யார்? அலசியபின் நீலம், பிறகு கழுத்துப்பட்டைகளுக்குக் கஞ்சி. உருளை இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியது எந்தப் பிள்ளை, விரல் மாட்டிக்கொண்டதா? கொடி எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு? மழை பெய்தால்? மழை நாளில் அந்த ஒற்றை அறைக்குள் ஈரத்துணி தொங்க, அதற்கடியில் சாப்பாடும் படிப்பும் நடந்தன. ஈரச்சுவரும் இருமலும் பேச்சில் வருவது இந்த இடத்தில்தான். துவைத்த தண்ணீரைக் கொண்டே வாசற்படியைத் தேய்த்தார்களா என்றும் கேளுங்கள்.

தூங்கும் ஏற்பாட்டைப் படம் போட்டுக் கேளுங்கள். நடு அறையில் பெற்றோரும் கைக்குழந்தையும், மேலறையில் மற்ற பிள்ளைகள் என்பது பொதுவழக்கு. ஒரே கட்டிலில் நான்கு பேர், தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர். பெண்பிள்ளைகள் பெரியவர்களானதும் நடுவே திரை வந்ததா, யாராவது பாட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்தார்களா? குளிருக்குப் போர்வைமேல் கோட்டுகளைப் போட்டார்களா? ஒவ்வொரு கட்டிலுக்கும் பெயர்களை எழுதி, “இது எந்த ஆண்டு?” என்று கேளுங்கள். இரண்டாண்டு கழித்து அதே படம் மாறியிருக்கும்.

மூட்டைப்பூச்சி தவிர்க்க முடியாத பேச்சு. பழைய சுவர்ப்பூச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவே அவை குடியிருந்தன. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்பதால் ஒரு வீட்டில் ஒழித்தால் மறுவீட்டிலிருந்து வரும். கந்தகம் எரித்துக் கதவிடுக்கை அடைப்பது, மெழுகுவர்த்தியால் கட்டில் கம்பியைச் சுடுவது, காகிதத்தை உரித்துச் சுண்ணாம்பு பூசுவது என்று ஒவ்வொரு தாய்க்கும் ஒரு முறை இருந்தது. “உங்கள் வீட்டில் இருந்ததா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “உங்கள் அம்மா எப்படிச் சமாளித்தார்?” என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். அந்தத் தாய்மார்களின் உழைப்பைப் பதிவுசெய்ய வேறு ஏடு எதுவும் கிடையாது, நிதானமாகக் கேளுங்கள்.

பணத்துக்கு வாரத்தின் வரிசையே போதும். திங்களன்று அடகுக்கடைக்குப் போன அப்பாவின் உடுப்பு, வெள்ளி சம்பளத்துக்குப் பின் மீண்டது; மூலைக்கடையில் கணக்குக் கடன்; காசு போட்டால் எரியும் எரிவாயு மீட்டர்; வாடகை வாங்க வருபவர் வரும் கிழமை. அடகுக்கடைக்கு மூட்டையைத் தூக்கிப்போனது எந்தப் பிள்ளை என்று கேட்க மறக்காதீர்கள்.

ஆண்டு நினைவில்லை என்றால் அழுத்தாமல் எல்லோருக்கும் தெரிந்த நாட்களோடு கோத்துக் கேளுங்கள்: 1945 மே 8 வெற்றி நாள் தெருவிருந்து, 1947 பனிக்காலம், 1953 பிப்ரவரியில் மிட்டாய் பங்கீடு நீங்கியது, அதே ஆண்டு ஜூன் 2 முடிசூட்டு விழா, 1962-63 கடுங்குளிர். “முடிசூட்டு விழாவை எந்த வீட்டில் போய்ப் பார்த்தீர்கள்?” என்றால், முற்றத்தில் முதல் தொலைக்காட்சி வைத்திருந்தவர் யார் என்பதும் சேர்ந்து வரும்.

“ஏழைகள்தான், ஆனால் சந்தோஷமாக இருந்தோம். யாரும் கதவைப் பூட்டியதே இல்லை.” இதை ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள். பொய் என்று ஒதுக்கவும் கூடாது, அதோடு நின்றுவிடவும் கூடாது. கதவைப் பற்றியே மேலும் கேளுங்கள். தட்டாமல் உள்ளே வந்தவர் யார்? தட்டிவிட்டுக் காத்திருந்தவர் யார்? உங்கள் வீட்டுக்குள் வரவே வராதவர் யார், ஏன்? சண்டை வந்தால் முற்றம் முழுவதும் கேட்குமா? பிரசவத்துக்கும் சாவுக்கும் அழைக்கப்பட்ட பெண் யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான் உதவியும் உறவும், வெறுப்பும் ஒதுக்கலும் ஒன்றாகத் தெரியும். அடி, குடி, காசநோய், இறந்த குழந்தை போன்றவை வந்தால் பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள்; அவர் நிறுத்த வேண்டாம் என்றால் அமைதியாக இருந்து கேளுங்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

இடிப்பும் இடப்பெயர்வும்

போருக்குப் பின் நகரப் பொறியாளர் ஹெர்பர்ட் மன்சோனியின் திட்டத்தில் டடெஸ்டன்-நெச்செல்ஸ், சம்மர் லேன், லேடிவுட், பாத் ரோ, கூச் தெரு ஆகிய ஐந்து பகுதிகளை நகராட்சி வாங்கி இடித்துக் கட்டியது. பெயர்களும் மாறின: சம்மர் லேன் பகுதி நியூடவுன் ஆனது, பாத் ரோ பகுதி லீ பேங்க் ஆனது, கூச் தெரு பகுதி ஹைகேட் ஆனது. ஆவணங்களைத் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். கட்டாயக் கொள்முதல் ஆணைகளோடு வரைபடமும் உரிமையாளர், குடியிருப்பவர் பட்டியலும் இருக்கும். பர்மிங்காம் நூலகத்தின் ஆவணப் பிரிவில் கேளுங்கள். ஆணை போட்டதற்கும் இடித்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் போயிருக்கலாம். அந்த நடுக்காலத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அண்டை வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சன்னல்களில் பலகை அறைந்திருக்க, கடைசிவரை இருந்த குடும்பத்துக்குத் தண்ணீர், எலி, பாதுகாப்பு எல்லாம் எப்படி இருந்தன? புதிய வீட்டில், காஸில் வேலிலோ செம்ஸ்லி வுட்டிலோ, முதல் வாரம் எதற்குக் கை தேடியது? குளியலறை கிடைத்த மகிழ்ச்சியையும், கதவைத் திறந்தால் ஆளில்லாத நடைபாதையையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டையும் வெட்டாமல் வையுங்கள்.

லீட்ஸ்காரரைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன முற்றத்துக் கேள்விகள் பாதி பொருந்தாது. அங்கே பிற்கால வரிசைகளில் உள்முற்றம் இல்லை. கதவு நேரே தெருவுக்குத் திறக்கும். துணிக்கொடி தெருவின் குறுக்கே. ஆயிரக்கணக்கான வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன, மக்கள் வாழ்கிறார்கள். ஒன்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் கேள்விகளை அமையுங்கள்.

ஒலிப்பதிவும் படங்களும்

வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். இரட்டைத் தடத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி மோவாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில். சமையலறைக் குளிர்சாதனப்பெட்டி, சுவர்க்கடிகாரம், கம்பளம் இல்லாத தரை ஆகிய மூன்றும் பதிவைக் கெடுக்கும். கருவியின் தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் அவர் யோசித்து மௌனமாகும் இடங்களில் அறையின் இரைச்சல் மேலெழும். கையால் காட்டிப் பேசுவார்கள்: “இதோ, இங்கே.” உடனே நீங்கள் வாயால் சொல்லுங்கள்: “அடுப்புக்கு இடப்பக்கம், ஜன்னலோரம்.” இதை மறந்தால் பதிவில் பாதி இடம் தெரியாமல் போகும். வரைந்த தாளில் தேதியும் அமர்வு எண்ணும் பென்சிலால் எழுதி ஒளிப்படம் எடுங்கள்.

குடும்பப் படங்கள் பெரும்பாலும் சிறிய தொடுஅச்சுகள், அதாவது ஃபிலிம் அளவிலேயே அச்சிட்டவை. கைப்பேசியில் எடுக்காமல் 1200 டிபிஐ அளவில் டிஃப் கோப்பாக வருடுங்கள், பின்புறத்தையும். முகங்களைவிடப் பின்னணியைப் பாருங்கள்: சுவரில் எண், புரூஹவுஸ் கதவு, கொடிக் கொக்கி. அதைப் பெரிதாக்கி அச்சிட்டு இரண்டாம் அமர்வுக்குக் கொண்டுபோனால் முதல் அமர்வில் வராத பெயர்கள் வரும். ஃபில்லிஸ் நிக்லின் 1950, 60களில் பர்மிங்காமில் எடுத்த வண்ணப் படங்களும் இதற்கு உதவும். ஆனால் முதல் அமர்வில் பிறர் எடுத்த படங்களைக் காட்டாதீர்கள். படத்தில் பார்த்தது அவர் நினைவோடு கலந்துவிடும்.

உரிமையும் ஒப்படைப்பும்

பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டப்படி பேசியவரின் சொற்களுக்கு உரிமை பேசியவருக்கே. பதிவு உங்களிடம் இருப்பதாலேயே அதை வெளியிட முடியாது. ஒப்புதல் தாளில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: ஆவணக்காப்பகத்தில் வைக்கலாமா, இணையத்தில் போடலாமா, உண்மைப் பெயரோடா. இரண்டாம் அமர்வு முடிந்தபின் கையெழுத்து வாங்குவதே நல்லது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். உயிரோடு உள்ள அண்டை வீட்டாரின் நோய், கடன், குற்றம் பற்றி அவர் சொன்ன பகுதிகளின் நேரத்தைக் குறித்து, மூடிவைக்கும் ஆண்டையும் எழுதுங்கள்.

ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணிநேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். நேரமில்லை என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று சுருக்கக் குறிப்பாவது எழுதுங்கள். கோப்புப் பெயரில் தேதி, தெரு, முற்றத்து எண். மூன்று பிரதிகள்: ஒன்று உங்களிடம், ஒன்று வேறு கட்டடத்தில், ஒன்று காப்பகத்தில். காப்பகத்தை முதல் பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களின் படிவம் வேறாக இருந்தால் எல்லோரிடமும் மறுபடி கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும், அதற்குள் சிலர் இருக்கமாட்டார்கள்.

குடும்பத்துக்கு ஒரு பிரதி கட்டாயம். முதியவர் வீட்டில் கணினி இல்லாமல் இருக்கலாம். ஒலிக்கோப்பைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். தரைப்படத்தை மட்டும் ஏ3 அளவிலேயே தெளிவாக அச்சிட்டு, அவர் சொன்ன பெயர்களை வீட்டுக்கு வீடு எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். அதே முற்றத்தில் வளர்ந்த இன்னொருவரிடம் அவர் அதைக் காட்டுவார். “இல்லை, அது எங்கள் வீடு” என்று அந்த இன்னொருவர் சொன்னால், அடுத்த பதிவுக்கான ஆள் கிடைத்துவிட்டார்.